அழுத்திப் பார்க்கும் அக்கா

ஈப்போ பசாரில் வெண்டைக்காய் விற்கும் சீனக் கிழவருக்கு அந்த அக்காவைக் கண்டாலே ஆகாது. மற்றவர்கள் நாலைந்து காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு மீதியை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அக்கா ஒவ்வொரு காயையும் ஒடிப்பார். அரைக் கிலோ வாங்கினால் அரைக் கிலோவும் நுனி போனபிறகுதான் பைக்குள் இறங்கும். "ஜாஙான் பாத்தா லா!" என்று கிழவர் மலாயில் கத்துவார், ஒடிக்காதே என்று. "ஒடிக்காம வாங்குனா முத்தலு வந்துரும் லா தவுக்கே" என்று அக்கா, முதலாளி என்ற மரியாதையோடு, தமிழிலேயே பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்.

நாற்காலியும் அப்படித்தான். ஒரு கல்யாணப் பந்தியில் அவரோடு போய் மாட்டிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், வேண்டாம் என்றார். அடுத்ததும் வேண்டாம். மூன்றாவதும் வேண்டாம். நான்காவதில்தான் உட்கார்ந்தார். அவர் தள்ளிவிட்ட மூன்றாவது நாற்காலியில் ஒரு கனத்த பெரியவர் வந்து உட்கார்ந்தார். பாயசம் வரும்வரை அக்கா அவரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

என் கைபேசியில் அவர் பெயர் 'பம்பர்' என்றே இருந்தது. ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில், ஈயம் எடுத்தபின் கைவிடப்பட்ட குட்டை ஒன்றின் ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு, கார்களின் பம்பர்களை மட்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கட்டையான உருவம், ஆண்கள் போடும் கட்டம் போட்ட சட்டை, முழங்கைவரை வெள்ளைத் தூள். இது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது ஜொகூரில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. அந்த ஊர்க் காய்கறிக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நான் அவரைத் தேடிப் போனது என் அண்ணனின் காருக்காக. நீண்ட மூக்கும் இரண்டே கதவுமாக ஒரு பழைய அமெரிக்கக் கார். எஞ்சின் பலத்துக்காகவே அந்தக் காலத்து இளவட்டங்கள் வாங்கிய வகை. கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அண்ணன் ஓர் ஈயச் சுரங்க முதலாளியிடம் வெகுகாலம் டிரைவராக இருந்தவர். முதலாளியின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, கொட்டகையில் மக்கிக்கொண்டிருந்த அந்தக் காரை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைப் பிரித்துச் சேர்த்து, கருஞ்சிவப்பு அடித்து, உயிர்ப்பித்துவிட்டார். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் என் வீட்டுக்காரர் போனபிறகு அவரோடு வந்து சேர்ந்தவள். எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் அந்தக் கார்தான்.

அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர்ச் சாலையில் முன்னால் ஒரு லோரி போனால், எதிரில் என்ன வருகிறது என்று ஓட்டுகிற அண்ணனுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாமா?" என்பார். "போலாம்ணே" என்றால் முந்துவார். "இருங்க" என்றால் இருப்பார். ஏழு வருடம் அப்படி ஓடியது. என் கண்ணை நம்பி ஒரு மனிதர் வண்டி ஓட்டுகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் பத்து காஜாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஊர்ந்தது. என் மடியில் முறுக்கு டின். மூடி கழன்று சரிந்துகொண்டிருந்ததால் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கேட்டார். நான் தலையைத் திருப்பவே இல்லை. "போலாம்ணே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எதிரில் ஒரு மோட்டர் சைக்கிள் வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்து லோரிக்குப் பின்னாலேயே இடது பக்கம் ஒடித்தார். கார் புல்லில் இறங்கி, சாக்கடைப் பாலத்தின் கான்கிரீட் முனையில் மோதி நின்றது. யாருக்கும் அடி இல்லை. மோட்டர்காரர் திரும்பி வந்து எங்களை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். காரின் முன்பக்கப் பம்பர் மட்டும் மூன்று இடத்தில் கிழிந்து தொங்கியது.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அதன்பிறகு நான்கு வருடம் அதை ஓட்டவே இல்லை. வருடா வருடம் ரோட் டெக்ஸ் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடுவார். எங்கே போவதென்றாலும் பஸ். கேட்டால் "கையில சிக்கிட் நடுக்கம் இருக்கு" என்பார், கொஞ்சம் நடுக்கம் என்று. நான் பார்க்காமலே சொன்னேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த உறுமல் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

பம்பரைச் சரிசெய்துவிட்டால் அண்ணன் ஓட்டிவிடுவார் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அந்தக் காரின் பம்பர் இரும்பு இல்லை. விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும், ரப்பர் மாதிரி. ரப்பரா? அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் எடுக்க மரம் வெட்டியவர். அப்பாவும் அவருடைய அப்பாவும் அதே வேலைதான். ரப்பரைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தெரிந்த ஒருவரின் சிறு தோட்டத்தில் ஒரு போத்தல் பால் வாங்கி வந்து, வெடிப்புக்குள் ஊற்றி, உறைவதற்கு இரண்டு சொட்டு ஆசிட் விட்டு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி வெயிலில் விட்டேன். ஒரு வாரம் அருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் பழுப்பாகி, நாற்றமெடுத்து, தோல் தோலாக உரிந்தது. அண்ணன் வந்து பார்த்தார். காரின் மேல் கான்வாஸை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அக்காவைப் பிடித்தேன். ஒரு நாள் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். அக்கா காருக்கு முன்னால் மண்டியிட்டு, பம்பருக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோனார்.

"யாரு தங்கச்சி இதுல பால ஊத்துனது?"

"எந்தப் பால்க்கா?"

"நடிக்காத லா. நானும் தோட்டத்துல பொறந்தவதான். ரப்பர் ஸ்டோரு வாசன எனக்குத் தெரியாதா?"

ஒப்புக்கொண்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் நிலைகொள்ளாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மாவா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது ரப்பர் மாதிரி இருக்கும், ஆனா ரப்பர் இல்ல. யூரித்தேன். மருந்து கலந்து அச்சுல ஊத்துற சாமான். நீ எத்தன போத்தல் பால் ஊத்தினாலும் ஒட்டாது."

"சரியாயிடுமாக்கா?"

"தெரியாது."

"சுமாராவாச்சும்?"

"செஞ்சு முடிச்சு அழுத்திப் பாத்துட்டுத்தான் சொல்வேன்."

நம் ஊரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் "போலே, போலே" என்பார்கள், முடியும் என்று. முடியாததற்கும் அதேதான். தெரியாது என்று சொன்ன ஒரே ஆளிடம் பம்பரை ஏற்றி அனுப்பிவிட்டு, புத்தி கெட்டுப்போய்விட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நான் ஊற்றிய பாலை எடுக்கவே அவருக்கு மூன்று நாள் ஆனது. மரக் கரண்டியும் சோப்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் மாட்டியதை எடுப்பதுபோல் எடுத்தார். பிறகு கிரைண்டரால் ஓர் ஓரத்தை லேசாகச் சீவிக் காட்டினார். "இந்தக் காலத்து பம்பருன்னா உருகி நூல் நூலா வரும். அத சூடு வச்சு ஒட்டிரலாம். இது பாரு, மாவா கொட்டுது. உருகாது. பசையிலதான் ஒட்டணும்." அடுத்ததாக, வெடிப்பை அடைக்கச் சொல்லிப் பம்பரைக் கொடுத்தால், அவர் அதைப் பின்னால் மடக்கி வெடிப்பை இன்னும் இரண்டு விரல்கடை ஓட விட்டார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். "மேல தெரியறது பாதிதான் தங்கச்சி. அது எங்க நிக்குதுன்னு பாக்காம மூடினா, மூடுன எடத்துக்குப் பக்கத்துல பொளந்துக்கும்." வெடிப்பு நின்ற இடத்தில் பொடியாக ஒரு துளை போட்டார். இனி அதைத் தாண்டி ஓடாதாம். அப்புறம் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி சீவி, பின்பக்கம் சன்னமான கம்பி வலை வைத்து, வளைந்து கொடுக்கும் பசையைக் கலந்து பூசினார். நடுவில் தொய்ந்திருந்த இடத்தை வெயிலில் போட்டு, கொதிநீர் ஊற்றி, பலகையோடு கயிறு கட்டி நிமிர்த்தினார்.

இதையெல்லாம் அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்தாராம். வரிசையில் வரும் வாளிகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து, காலால் மிதித்துப் பார்ப்பதுதான் வேலை. உடைந்தால் அந்தப் பத்தும் திரும்பிப் போகும். "பத்துக்கு ஒன்னு போதும்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்காது, கூட ரெண்டு மிதிப்பேன்" என்றார். சூப்பர்வைசருக்கு இவர் மேல் எவ்வளவு அன்பு இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். "இருந்தாரு. அழுத்திப் பாத்தேன்" என்றார்.

என்னையும் ஒருநாள் அழுத்திப் பார்த்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலத் தேநீர் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

"ஒங்க அண்ணன் ஏன் வந்து பாக்கறதில்ல?"

"அவருக்குக் கை நடுக்கம்க்கா."

"எப்பலேருந்து?"

"இடிச்சதுலேருந்து."

"நீ எங்க உக்காந்திருந்த?"

"வலது பக்கம்."

"அப்ப நீதான் பாத்துச் சொல்லணும், இல்ல?"

தேநீர் சுடுகிறது என்றேன். ஆனால் அக்கா என்னிடம் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வாரம் கொட்டகைப் பக்கம் போகாமல் கைபேசியிலேயே விசாரித்துக்கொண்டேன்.

பெயிண்ட் அடித்துக் காய்ந்துவிட்டது என்று சொன்ன அன்று போனேன். மூன்று கிழிசல் இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. முகம் பார்க்கலாம்போல் மின்னியது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். 'அழகா இருக்கு' என்று பதில் வந்தது. நான்கு வருடத்தில் அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. நான் கைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்கிறேன், அக்கா பம்பரைத் தரையில் கிடத்தி, ஒட்டிய இடத்தில் முழங்காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

அப்பளம் நொறுங்குவதுபோல் சின்னதாக ஒரு சத்தம். ஒட்டு அசையவில்லை. மேலே பெயிண்டில் மட்டும் மயிரிழையாக மூன்று கோடு ஓடியிருந்தது.

"பெயிண்ட் வளையறதுக்கு ஒரு மருந்து ஊத்தணும். சிக்கிட் கம்மியா ஊத்திட்டேன் போல. என் தப்பு" என்றார். கை அதற்குள் உப்புத்தாளைத் தேட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நல்லாத்தானேக்கா இருந்துச்சு! யாரு ஒங்கள அழுத்தச் சொன்னது?"

"நான் அழுத்தலன்னா ரோடு அழுத்தும் லா."

"அண்ணனுக்குப் படம் அனுப்பிட்டேன். இப்ப அவருகிட்ட நான் என்னா சொல்றது?"

"என்னா சொல்றதா? வெடிச்சிருச்சுன்னு சொல்லு. நடந்தத சொல்றதுக்கு என்னா கஷ்டம்?"

என் சின்ன மோட்டர் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கிறுக்குப் பிடித்தவள், ஊரில் வேறு ஆளே இல்லையா என்று வழியெல்லாம் திட்டினேன். லகாட்டைத் தாண்டுவதற்குள் நான் திட்டுவது அக்காவை இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வீடுவரை திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

வெடித்ததை அண்ணனிடம் சொன்னேன்.

"யாரு அழுத்துனா?" என்றார்.

"அந்த அக்காதான். அவங்களே செஞ்சு, அவங்களே அழுத்தி, அவங்களே வெடிக்க வச்சாங்க."

அண்ணன் சிரித்தார். "கெட்டிக்காரி" என்றார். அன்று சாயந்தரம் கான்வாஸை விலக்கி, பம்பர் இல்லாத காரின் முன்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. அக்கா பம்பரின் ஒரு முனையைத் தூக்கினார். "இந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். நான் பிடித்த லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் வாசலை விட்டு இறங்கி வந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே தாங்கிப் பிடித்தார். போல்ட் எல்லாம் இறுக்கியபின் அக்கா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"அழுத்துங்கண்ணே."

"எதுக்கும்மா? பாத்தாலே தெரியுதே."

"பாத்தா தெரியாது. வண்டிக்குச் சொந்தக்காரங்க அழுத்திப் பாக்காம நான் சாமான் குடுக்கிறதில்ல."

அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிய இடத்தில் வைத்தார். விரல்கள் நடுங்கின. லேசாகத் தொட்டதோடு எடுக்கப் பார்த்தார்.

"இன்னும்" என்றார் அக்கா.

"ஒடஞ்சிரும்மா."

"ஒடஞ்சா மறுபடி செய்றேன். எங்க போகப் போறேன்? அழுத்துங்க."

அண்ணன் உடம்பின் பாரத்தை எல்லாம் கையில் இறக்கினார். பம்பர் இரண்டு விரல்கடை உள்ளே போயிற்று. கையை எடுத்ததும் மெதுவாகத் திரும்பி வந்தது. குனிந்து பார்த்தார். கோடு இல்லை. யாரும் சொல்லாமலே இன்னொரு முறை அழுத்தினார். அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது முறை அவர் கை நடுங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் பாக்கவே இல்லண்ணே. பாக்காமதான் போலாம்னு சொன்னேன்."

அண்ணன் நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு கையாலயும் டின்ன புடிச்சிருந்த. எட்டிப் பாக்கிறவ ஜன்னலத்தான புடிப்பா."

"தெரிஞ்சும் ஏண்ணே ஒன்னும் சொல்லல? நாலு வருசமா!"

"என்னாத்த சொல்ல? அந்த மோட்டர் வந்தது ஒன் பக்கம். நான் சிக்கிட் மெதுவா திருப்பியிருந்தா நீ இருக்க மாட்ட." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ பாக்காதது ஒனக்குப் பெருசா இருக்கு. எனக்கு அந்த சீட்டுல ஒன்ன வச்சுக்கிட்டு மறுபடி ஓட்ட மனசு வரல. அவ்வளவுதான்."

அவர் காரை நிறுத்தியது என் மேல் கோபத்தில் என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கார் போர்ச்சிலேயே நின்று, அக்கம்பக்கம் பார்க்காமல் அழுதேன். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் பம்பரைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா ஸ்பானர்களைச் சத்தமாகப் பெட்டிக்குள் போட்டார்.

"அழுது முடிச்சாச்சுன்னா சாவிய எடுங்கண்ணே. ரோட்டுல ஆடுறப்ப எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். பின்னால உக்காந்துக்கிறேன்."

பின் சீட்டிலிருந்து முன்பக்கப் பம்பர் எப்படித் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

கேட்டைத் தாண்டுவதற்குள் எஞ்சின் ஒருமுறை அணைந்துவிட்டது. அண்ணன் மறுபடி கிளப்பினார். எங்கள் டாமான் குடியிருப்பின் தெருக்களில் ஊர்ந்து, பத்து காஜா சாலையில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு லோரி மாட்டியது, மணல் ஏற்றியது. அண்ணன் அதன் பின்னாலேயே வெகுநேரம் போனார். ஸ்டியரிங்கில் விரல்கள் இறுகுவதும் தளர்வதுமாக இருந்தன. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போலாமா?" என்றார்.

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் தூரத்தில் ஒரு வளைவு இருந்தது.

"வளைவு இருக்குண்ணே. அதுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியல. இருங்க."

"சரி" என்றார். இருந்தார். வளைவு வந்து, திரும்பி, சாலை நீளமாக விரிந்தது. மறுபடி எட்டிப் பார்த்தேன். காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். எதிரில் ஈ, காக்கை இல்லை.

"இப்ப போங்கண்ணே."

கார் உறுமிக்கொண்டு லோரியைத் தாண்டியது. அண்ணன் மூச்சை விட்ட சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று பின்னால் திரும்பினேன்.

எதையும் அழுத்திப் பார்க்காமல் நம்பாத மனுஷி, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பவாண்ணே?"

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "வேணாம், தூங்கட்டும்" என்றார். பத்து காஜாவில், எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய முச்சந்தி வந்தது. அண்ணன் திரும்பவில்லை, நேராகக் கடலோரத்து லூமுட் பக்கம் விட்டார்.